வினாவும் விடையும்: ஊடாட்ட வடிவமைப்பு என்னும் தொழில்

1. முன்னுரை

தமிழ்நாட்டின் வடமேற்கு எல்லையில் அமைந்த ஓசூர், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அங்கு அமைந்த பின்னர், அந்நகரும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் தொழிற்பகுதியாக மாறின. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் அதன் கடைத்தெருவில் ஒருங்கே வழங்குகின்றன. 2004ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தருமபுரியிலிருந்து பிரித்தமைக்கப்பெற்ற கிருட்டிணகிரி மாவட்டத்தில் இந்நகர் அடங்கும். கைக்கடிகாரம், மொபெட், பெருஞ்சுமை ஏற்றும் லாரி, மின்கலத்தால் ஓடும் ஸ்கூட்டர் ஆகியவை இப்பகுதி ஆலைகளில் உருவாகி நாடெங்கும் செல்கின்றன.

இத்தகைய பொருள்களை ஆக்குவோர் பொறியாளர் என்பது யாவரும் அறிந்தது. ஆயின், ஆக்கப்பெற்ற பொருளுக்கும் அதனைக் கையாளும் மனிதர்க்கும் இடையே நிகழ்வதனை முறைப்படுத்துவது தனியொரு தொழிலாகவே இன்று வளர்ந்துள்ளது. அதனை ஊடாட்ட வடிவமைப்பு என்பர். அத்தொழிலின் பொருள் யாது, பணி யாது, தமிழ் பயில்வார்க்கு அதன்கண் இடம் உண்டோ என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொல்லும் பொருளும்

'ஊடு' என்பது நடு, இடை என்னும் பொருளது. 'ஊடாடுதல்' என்பதற்கு இடையே இயங்குதல், கலந்து பழகுதல் என்னும் பொருள்கள் வழக்கில் உள்ளன. அகப்பொருளில் பயிலும் 'ஊடல்' இதனின் வேறு. 'இடைவினை' என்னும் சொல்லும் சிலரால் ஆளப்பெறுகின்றது. அது வினையை மட்டுமே சுட்டி நிற்கின்றது. 'ஊடாட்டம்' என்பதோ ஒருவர் செயலும் மற்றொருவர் எதிர்ச்செயலும் மாறிமாறி நிகழ்ந்து தொடர்தலை உணர்த்துகின்றது. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொல்லே கொள்ளப்படுகின்றது.

இனி, 'வடிவமைப்பு' என்றவுடன் கண்ணுக்குப் புலனாகும் தோற்றமே பலர் நினைவுக்கு வருகின்றது. ஈண்டு வடிவம் என்பது தோற்றமன்று, நிகழ்ச்சியின் ஒழுங்கு. எது முன், எது பின், ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி யாது செய்தல் வேண்டும், செய்ததை எவ்வாறு அறிவித்தல் வேண்டும், அழுத்தியவர் தவறியிருப்பின் அவர் மீளும் வழி யாது என்பனவே அவ்வொழுங்கின் கூறுகள். ஒரு கருவியின் உறை அழகாக அமைந்தும் ஊடாட்டம் கெட்டிருத்தல் கூடும். உறை எளியதாய் இருந்தும் ஊடாட்டம் செவ்விதாக அமைதலும் உண்டு.

3. தொழிலின் தோற்றம்

இத்தொழிற்பெயர் 1980களின் இடைப்பகுதியில் தோன்றியது. பில் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேய வடிவமைப்பாளர், 1982இல் வெளிவந்த 'கிரிட் காம்பஸ்' என்னும் மடிக்கணினிக்கு உருவம் அமைத்தவர். திரையை விசைப்பலகையின்மேல் மடித்து மூடும் அமைப்பு அக்கணினிக்கு உரியது. அதனைத் தாமே பயன்படுத்தத் தொடங்கியபோது, தாம் பாடுபட்டு அமைத்த உறையைத் தாமே மறந்து, திரைக்குள் நிகழ்வதிலேயே தம் கருத்து முழுதும் சென்றதை அவர் கண்டார். உறையினும் திரைக்குள் நிகழ்வதே பயன்படுத்துவோர்க்கு முதன்மையானது எனின், அதனையும் வடிவமைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு உண்டாயிற்று. அவரும் பில் வெர்பிளாங்க் என்பாரும் சேர்ந்து இத்துறைக்கு இப்பெயரை வழங்கினர். வெர்பிளாங்க் இத்தொழிலை மூன்று வினாக்களுள் அடக்கினார்: மனிதர் எவ்வாறு செய்கின்றார், எவ்வாறு உணர்கின்றார், எவ்வாறு அறிகின்றார் என்பன அவை.

பொறியாளர் ஒரு செயலை இயலச் செய்கின்றார். ஊடாட்ட வடிவமைப்பாளர் அதனை மனிதர்க்கு விளங்கச் செய்கின்றார். பயன்படுத்துவோரை அவர்தம் இடத்திலேயே சென்று காணுதல், மாதிரி ஒன்றை எளிய முறையில் ஆக்குதல், அதனைப் பிறர் கையில் கொடுத்து அவர் தடுமாறும் இடங்களைக் குறித்தல், குறித்தவாறு திருத்துதல், பொத்தானிலும் திரையிலும் நிற்கவேண்டிய சொல்லையும் குறியையும் உறுதி செய்தல் ஆகியவை அவர் அன்றாடப் பணிகள். இவற்றுள் இறுதியது மொழியைச் சார்ந்தது. ஏனையவும் மொழியின் நீங்கியவை அல்ல என்பது மேல் விளங்கும்.

4. ஓசூர்ப் பொருள்கள் காட்டும் மாற்றம்

ஓசூரில் உருவான பொருள்களை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து, கருவிக்கும் மனிதர்க்கும் இடையே உள்ள தொடர்பு மாறிவந்த வரலாறு புலனாகும். பெங்களூரில் 1961 முதல் எச்.எம்.டி. நிறுவனம் செய்த கைக்கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுத்தல் வேண்டும். டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் குவார்ட்சு கடிகாரங்களைச் செய்யலாயிற்று. அதன்பின் சாவி கொடுக்கும் வழக்கம் மெல்ல மறைந்தது. மணியைத் திருத்தும் திருகு மட்டும் எஞ்சியது. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் மொபெட், இருவர் ஏறிச் செல்லத்தக்கதாய், கியர் மாற்றும் தொல்லை அற்றதாய் அமைந்தது. மனிதர் நினைவிற்கொண்டு செய்ய வேண்டியதைப் பொருளே ஏற்றுக்கொண்டது என்பதே இவ்விரண்டிற்கும் பொதுவான இயல்பு.

மின் ஸ்கூட்டர் வந்தபின் புதியதொரு சிக்கல் எழுந்தது. டி.வி.எஸ். நிறுவனத்தின் ஐக்யூப் வண்டி 2020இல் வெளிவந்தது. 2021 முதல் ஏதர் நிறுவனத்தின் ஆலை ஓசூரிலும், ஓலா நிறுவனத்தின் ஆலை போச்சம்பள்ளியை அடுத்தும் இயங்கலாயின. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் ஓசையே ஒரு மொழி. வண்டி உயிர்பெற்று நிற்கின்றதா, அணைந்துவிட்டதா என்பதனை ஓட்டுநர் காதால் அறிவார். அவ்வறிவை எவரும் வடிவமைக்கவில்லை. எஞ்சினின் இயல்பால் தானே அமைந்தது அது. மின்மோட்டாரோ நிற்கும்போது ஓசையற்றது. வண்டி அணைந்திருப்பதாக எண்ணிக் கைப்பிடியைத் திருகினால் அது பாய்ந்துவிடும். ஆகவேதான், பிரேக்கைப் பிடித்தவாறு தொடக்கப் பொத்தானை அழுத்தினாலன்றிச் சக்கரம் இயங்காதவாறும், சைடு ஸ்டாண்டு கீழே இருப்பின் வண்டி புறப்படாதவாறும், புறப்படும் நிலையைத் திரை அறிவிக்குமாறும் அமைக்கின்றனர். முன்பு இயற்கையாய்க் கிடைத்த விடையை இப்பொழுது எண்ணி அமைக்க வேண்டியதாயிற்று. இத்தொழிலின் இன்றியமையாமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

5. ஒரு சிறந்த சான்று: வாக்குப்பதிவு இயந்திரம்

இத்தொழிலின் பெயர் நம் நாட்டில் பரவுமுன்னரே அதன் பணி இங்குச் செவ்விதாக நிகழ்ந்துள்ளது. அதற்குச் சான்று, ஓசூர்க்கு அண்மையதாகிய பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும், ஐதராபாத்தின் எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷனும் ஆக்கிவரும் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரமாகும். அதன் வடிவமைப்பில் பம்பாய் ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்துப் பேராசிரியர்களாகிய ஏ. ஜி. ராவ், ரவி பூவய்யா ஆகியோர் பங்கு கொண்டனர்.

1951-52ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளர்க்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி வைக்கப்பெற்றது. பின்னர் ஒரே தாளில் பெயரும் சின்னமும் அச்சிட்டு முத்திரை குத்தும் முறை வந்தது. இயந்திரம் முதன்முதல் 1982இல் கேரளத்துப் பரூர்த் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தமையால், 1988இல் சட்டம் திருத்தப்பெற்றது. தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும், 2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் நாடு முழுதும் அது பயன்பட்டது.

இதன் ஊடாட்டத்தைக் கூர்ந்து நோக்குதல் தகும். தலைமை அலுவலர் தம் கருவியின் பொத்தானை அழுத்தி இசைவு தந்தாலன்றி வாக்காளர் அழுத்துவது பதிவாகாது. வாக்காளர் சின்னத்தின் அருகே உள்ள நீலப் பொத்தானை அழுத்தியவுடன், அதனையடுத்துச் சிவப்பு விளக்கு ஒளிர்கின்றது. நீண்ட ஓசை ஒன்று எழுகின்றது. 2013 முதல் பயன்பட்டுவரும் இணைப்புக் கருவி, வாக்கினை ஒரு தாளில் அச்சிட்டு ஏழு நொடி காட்டுகின்றது. விளக்கும் தாளும் வாக்காளர்க்கு மட்டுமே உரியவை. ஓசையோ அறையிலுள்ள அனைவர்க்கும் உரியது. வாக்குப் பதிவாயிற்று என்பதனை எல்லார்க்கும் அறிவித்து, யார்க்குப் பதிவாயிற்று என்பதனை வாக்காளரைத் தவிர எவர்க்கும் அறிவியாமை இவ்வமைப்பின் நுட்பம். எழுத்தறியாதாரும் பிறர் துணையின்றி வாக்களிக்க முடிகின்றது. குடிமக்களின் உரிமை ஒரு பொத்தானின் இடத்தையும் ஓர் ஓசையின் நீளத்தையும் பற்றி நிற்றல் கூடும் என்பதனை இதனால் அறியலாம்.

6. எண்வகை விடை

மேற்கூறியவற்றை எல்லாம் ஒருசேர நோக்கின், ஊடாட்டம் என்பது வினாவும் விடையுமே என்பது போதரும். பொத்தானை அழுத்துதல் மனிதர் வினா. விளக்கு, ஓசை, சொல், இயக்கம் ஆகியன கருவியின் விடை. வினாவையும் விடையையும் வழுவின்றிக் காத்தலைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வற்புறுத்துகின்றார். நன்னூலாரோ வினாவை அறுவகையாகவும் விடையை எண்வகையாகவும் பகுத்துக் காட்டுகின்றார். அந்நூலை இயற்றுவித்த சீயகங்கன் கங்கர் குடியினன். அக்குடியோடு தொடர்புடைய கோலார், கிருட்டிணகிரி மாவட்ட எல்லைக்கு வடக்கே அண்மையில் உள்ளது. இவ்வெல்லை நிலத்தோடு தொடர்புற்ற இலக்கண நூலின் பாகுபாட்டைக் கொண்டு இந்நிலத்துப் பொருள்களை நோக்குதல் பொருந்தும்.

சுட்டு, மறை, நேர், ஏவல், வினாஎதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்பன அவ்வெட்டு. 'வண்டி செல்லுமா?' என்பது ஓட்டுநர் வினா எனக் கொள்வோம். திரையில் அம்புக்குறியால் வழி காட்டுதல் சுட்டு. ஸ்டாண்டு கீழே இருக்கப் புறப்படாது நிற்றல் மறை. புறப்படும் நிலையைக் காட்டும் விளக்கு நேர். 'ஸ்டாண்டை மடக்கவும்' என்பது ஏவல். 'பேட்டரி சூடேறியுள்ளது' என்பது உற்றதுரைத்தல். 'இன்னும் 12 கிலோமீட்டரே செல்லும்' என்பது உறுவதுகூறல். மின்னாற்றல் குறைந்தவிடத்து விரைவைக் குறைத்து, 'மெதுவாகச் செல்வேன்' என்பதுபோல் ஓடுதல் இனமொழி. ஒன்றை அழிக்கப் புகும்போது 'அழிக்கலாமா?' எனக் கேட்டல் வினாஎதிர்வினாதல் போன்றது. எனினும் இலக்கணத்தில் எதிர்வினா உடன்பாட்டைக் குறிப்பால் உணர்த்தும். கருவியின் எதிர்வினாவோ முடிவை மனிதரிடமே திருப்பித் தருகின்றது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

இவற்றுள் முதல் மூன்றும் செவ்வன் இறை. பின்னைய ஐந்தும் இறை பயப்பன. செவ்வன் இறையைக் கேட்டவுடன் பொருள் விளங்கும். இறை பயப்பனவற்றில் கேட்போர் உய்த்துணர்தல் வேண்டும். உய்த்துணர்தற்குக் காலம் வேண்டும். இதனின்று வடிவமைப்புக்குரிய விதி ஒன்று பெறப்படும்: வண்டி ஓடுங்காலும் இயந்திரத்தின்முன் கை இயங்குங்காலும் கருவி செவ்வன் இறையே கூறுதல் வேண்டும், நின்ற பின்னரே இறை பயப்பனவற்றைக் கூறலாம். 'பேட்டரி சூடேறியுள்ளது' என்னும் தொடரை நெடுஞ்சாலையில் விரைந்து செல்பவர் படித்து, அதனால் வண்டி மெதுவாகும் என உய்த்துணர்ந்து, ஓரத்தில் ஒதுங்குவதற்குள் காலம் கடந்துவிடும்.

நன்னூலார் இயந்திரத்தை எண்ணி விதி வகுத்தார் என்பது ஈண்டுக் கருத்தன்று. மனிதர் மனிதரோடு உரையாடும் முறையை அவர் பகுத்தார். மனிதர் கருவியோடு உரையாட நேர்ந்தவிடத்தும் அப்பகுப்பு பயன்படுகின்றது என்பதே இங்குக் கூறப்படுவது.

7. வழுவும் வழுவமைதியும்

ஊடாட்டத்தில் பிழை நேர்வது இயல்பு. பிழை நேர்ந்தவுடன் கையாண்டவரைக் குறை கூறுதல் உலக வழக்கு. அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட நூலில், அன்றாடப் பொருள்களைக் கையாளுவதில் மக்கள் செய்யும் பிழைகள் பலவும் அமைப்பின் குறையால் விளைவன என விளக்கினார். அதனைப் பின்பற்றுவோர், பிழையைத் தடுத்தலும், தடுக்க இயலாதவற்றை எளிதில் மீட்கச் செய்தலும் வடிவமைப்பாளர் கடன் என்பர். வழாநிலை, வழு, வழுவமைதி என மூவகையாக நோக்கும் தமிழ் மரபினர்க்கு இக்கொள்கை புதியதன்று. வழுவினும் அமைத்துக் கொள்ளத்தக்கது உண்டு என ஏற்பது அம்மரபு.

தமிழ் 99 விசைப்பலகை இதற்கு எடுத்துக்காட்டாகும். 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அது தமிழ்நாடு அரசின் ஏற்பைப் பெற்றது. உயிர் 12உம் இடப்பக்கத்தும், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தும் அதில் அமைந்துள்ளன. தட்டச்சுப்பொறியில் 'கெ' என்பதற்கு முதலில் கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் அடித்தல் வேண்டும். இதில் ககரத்தின்பின் எகரத்தை அழுத்தினால் போதும். கண் காணும் வரிசையை விடுத்து ஒலிக்கும் வரிசையைக் கொண்டமை இதன் முதற்சிறப்பு. ஒரே மெய்யை இருமுறை அழுத்தின் முன்னதற்குப் புள்ளி தானே அமைகின்றது. மெல்லினத்தின்பின் அதன் இனமாகிய வல்லினம் வரினும் அவ்வாறே. 'பக்கம்', 'சங்கம்' ஆகிய சொற்களின் இடையிலுள்ள புள்ளியைத் தனியே இட வேண்டுவதில்லை. அவ்வாறு புள்ளி வேண்டாதவிடத்து இடையே அகரத்தை அழுத்தி விலக்கிக்கொள்ளவும் வழி உண்டு. எழுத்துகளின் இன உறவு இங்கு விரலின் உழைப்பைக் குறைக்கும் கருவியாயிற்று. தமிழிலக்கணம் அறிந்தார் உடனிருந்தாலன்றி இத்தகைய அமைப்பு தோன்றியிராது.

8. கருவி பேசும் தமிழ்

ஓசூர்ப் பகுதிக்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. இங்கு ஆக்கப்பெறும் கருவிகளுள் சிலவற்றின் திரையும் சொல்லும் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் அமைக்கப்பெறுகின்றன. சில ஓசூரிலேயே அமைகின்றன. எங்கு அமையினும் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எண்ணப்பெற்றே பிறமொழிக்கு வருகின்றன. ஆலையினுள் இயந்திரத்தின்முன் நிற்போரும் பயன்படுத்துவோரே. தருமபுரி, கிருட்டிணகிரிச் சிற்றூர்களிலிருந்து வரும் இளம்பெண்களும் வடமாநிலங்களிலிருந்து வருவோரும் ஒரே வரிசையில் பணி செய்கின்றனர். இயந்திரத்தை உடனே நிறுத்துதற்குரிய பொத்தான், மஞ்சள் தளத்தின்மேல் காளான் வடிவில் சிவப்பாய் இருத்தல் உலகப் பொதுநெறி. அதனை மொழியறியாதாரும் அறிவர். ஆயின் எல்லாவற்றையும் நிறத்தால் உணர்த்துதல் இயலாது. சொல் வேண்டுமிடத்துத் தெளிவற்ற சொல் நிற்பின் அதன் விளைவை ஏற்பது தொழிலாளியின் கை.

திரையில் தமிழைத் தரும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. இனி எழும் வினா, எத்தகைய தமிழ் என்பது. ஆங்கிலத்து 'ரிவர்ஸ்' என்பதற்கு அகராதியை மட்டும் நோக்குவோர் 'தலைகீழ்' என எழுதக்கூடும். வண்டிக்கு வேண்டுவது 'பின்னோக்கி' என்பதே. மக்கள் நாவில் பயின்ற 'பிரேக்', 'பேட்டரி' போன்ற சொற்களை அவ்வாறே வைத்தல் சில இடங்களில் தக்கது. தனித்தமிழ்ச் சொல்லைப் பாடநூலில் பயிலச் செய்யலாம், விரைந்து செல்லும் வண்டியில் பயிலச் செய்தல் ஆகாது.

கருவி மனிதரை விளிக்கும் முறையும் எண்ணற்பாலது. 'அழுத்து' என்பது ஏவல் ஒருமை. முதியவர் அதனை மதிப்புக்குறைவாகக் கொள்வர். 'அழுத்துங்கள்' என்பது மதிப்புடையது. எனினும் முன்னிலையாரை நோக்கியது. வியங்கோளோ ஐம்பாற்கும் மூவிடத்துக்கும் பொது. எதிர்நிற்பவர் ஆணோ பெண்ணோ, இளையரோ முதியரோ, ஒருவரோ பலரோ என்பதனைக் கருவி அறியாது. ஆதலின் வியங்கோளே அதற்குரிய வினைவடிவமாகும். அலுவலக வழக்கிலும் வங்கியின் ஏ.டி.எம். திரையிலும் பயிலும் 'அழுத்தவும்' என்பது வியங்கோளின் பணியையே இன்று செய்கின்றது. எவரும் விதி வகுக்காமலேயே வழக்கு இம்முடிவுக்கு வந்தமை, மொழியின் இயல்பறிவைக் காட்டுகின்றது.

9. முடிவுரை

சொல்லாக்கம் இறுதியில் செய்யும் மொழிபெயர்ப்பே என்றும், அதற்குத் தமிழறிஞர் துணை வேண்டா என்றும் கருதுவார் உளர். பொத்தான்களின் எண்ணும் வரிசையும் உறுதியான பின்னர் மொழிபெயர்ப்போரிடம் தருவதாலேயே, நான்கு எழுத்துக்குரிய இடத்தில் பன்னிரண்டு எழுத்தை அடக்கவேண்டிய இடர் நேர்கின்றது. தொடக்கத்திலேயே மொழியறிந்தார் உடனிருப்பின் அவ்விடர் இல்லை. செய்யுளியலில் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என வைத்து எண்ணப்பெறும் உறுப்புகளைக் கற்றவர்க்கு, யார் பேசுகின்றார், யார்க்கு, எவ்விடத்து, எப்பொழுது, என்ன பயன் கருதி எனக் கேட்கும் பழக்கம் உண்டு. ஊடாட்ட வடிவமைப்பாளர் நாள்தோறும் கேட்பவையும் இவ்வினாக்களே.

தமிழ் முதுகலை பயில்வார் தம் ஆய்வுக்குரிய களமாக ஓசூர், கிருட்டிணகிரி ஆலைகளின் அறிவிப்புகளையும், வண்டித் திரைகளின் தொடர்களையும், அவற்றைப் படிப்போர் தடுமாறும் இடங்களையும் மேற்கொள்ளலாம். வினா விடைப் பகுதியை வகுப்பில் நடத்துங்கால் இக்கருவிகளை எடுத்துக்காட்டாக வைக்கலாம். நான்கு மொழி வழங்கும் அந்நிலத்தில் ஒரு தொழிலாளி தன் முன்னுள்ள இயந்திரத்தின் விடையைப் பிறரைக் கேளாமல் அறிந்துகொள்வாராயின், அது இத்தொழில் தன் பணியைச் செய்தமைக்கு அடையாளமாகும். இலக்கணக் கல்வி தன் பயனைத் தந்தமைக்கும் அதுவே அடையாளம்.